அமோனியா தின்ற சென்சர்

ஐஸ் பிளான்ட்டில் கசிந்த அமோனியா என் கேமராவுக்குள் புகுந்து, படம் பதியும் சென்சரின் மேல் பாதியைத் தின்றுவிட்டது என்று மூன்று நாள் முழுசாக நம்பியவன் நான். நம்பியதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரையும், அறந்தாங்கியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் இன்னொரு ஆளையும் நம்ப வைத்தேன். ஒரு பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டன்ட் இன்று வரை அதை நம்பிக்கொண்டிருக்கிறார். அதற்கும் நான்தான் காரணம்.

இருபது வருடத்துக்கு மேலாக ஜெகதாப்பட்டினம் பக்கம் ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, படகு பூஜை, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுத்தாயிற்று. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள், "அண்ணே, எக்ஸ்போர்ட் பண்ணினா படத்துல கோடு கோடா வருது, என்ன பண்றது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை எவரும் சொல்லித் தருவார்கள். என்னவெல்லாம் செய்யக் கூடாது என்பதை என்னைப்போல் முழு அனுபவத்தோடு சொல்ல ஆள் கிடையாது.

1. ஐஸ் பிளான்ட்டில் திங்கட்கிழமை

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் புது கம்ப்ரசருக்குப் பூஜை. படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். முதலாளி வெள்ளை வேட்டியில் கம்ப்ரசரின் தோளில் கை போட்டபடி நின்றார்.

"ராசு, மிஷினு முழுசா விழணும்ப்பா. நான் பாதி விழுந்தாப் போதும்."

"ஏண்ணே?"

"மிஷினுக்குத்தான் லோனு."

இரண்டு படம் எடுத்திருப்பேன். பூஜைக்கு உடைத்த தேங்காயின் ஒரு பாதி எங்கோ போய் எதிலோ பட்டதா, இல்லை ஆபரேட்டர் எதையாவது திருகினாரா தெரியாது, புஸ்ஸென்று ஒரு சத்தம். கண்ணிலும் மூக்கிலும் மிளகாய்ப் பொடியை அப்பியது போல ஓர் எரிச்சல். "வெளிய போங்கப்பா, வெளிய போங்க!" என்று ஆபரேட்டர் கத்தினார். ஐஸ் உறைய வைக்கக் குழாயில் ஓடும் அமோனியா, சின்னக் கசிவுதான். ஐந்து நிமிடத்தில் வால்வை மூடிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் நான் கிழக்குக் கடற்கரைச் சாலை வரைக்கும் ஓடிவிட்டேன். பூஜை செய்த ஐயர்கூட எனக்குப் பின்னால்தான் வந்தார்.

ஓடும்போது கேமராவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு ஒரு விஞ்ஞான விளக்கம் வருகிறது.

2. நாற்பத்தேழு பிள்ளைகள்

மறுநாள் செவ்வாய்க்கிழமை, எங்கள் பக்கத்து மெட்ரிக் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் படம். மொத்தம் நாற்பத்தேழு பேர். பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போது ஒவ்வொரு பெயரோடும் படத்தைத் தேர்வுத் துறையின் இணைய போர்ட்டலில் ஏற்ற வேண்டும். படம் ஏறாவிட்டால் பெயர் ஏறாது. பெயர் ஏறாவிட்டால் பிள்ளைக்குப் பரீட்சை கிடையாது. கடைசி நேரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. படத்தின் அளவு ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும், அதாவது எடுத்த படத்தை நன்றாகச் சுருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பொறுப்பு கிளாஸ் டீச்சர் ஜெயசீலி மிஸ். வேலைக்கு வந்து அது இரண்டாவது வருடம். பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருக்கு மேலே கரஸ்பாண்டன்ட் அய்யா. அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டியல் போகும்.

அய்யா அன்று நேரிலேயே வந்து நின்றார்.

"ராசு, இந்த வருசம் யூனிபார்ம் மாத்தியிருக்கோம். பாத்தியா? பொடிக் கட்டம். நானே நாலு கடை ஏறி இறங்கி செலக்ட் பண்ணுனது. ஹால் டிக்கெட்டைப் பாக்குறவன், இது எந்த ஸ்கூலுன்னு கேக்கணும். சட்டை நல்லாத் தெரியிற மாதிரி எடு."

"முகம் அய்யா?"

"அதுவும் தெரியட்டும்."

அந்தத் துணியில்தான் என் மனைவி விமலா ஒரு மாதமாக யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோவை ஒட்டியது அவளுடைய டைலர் கடை. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான்.

பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து எடுத்தேன். கேமராவை ஸ்டாண்டில் குறுக்காக வைத்து எடுத்து, பிறகு இரண்டு பக்கமும் வெட்டிக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கு நாற்பத்தாறு பேர்தான் வந்திருந்தார்கள். முத்துலட்சுமி என்றொரு பிள்ளைக்குக் காய்ச்சல். "அவளை அப்புறமா எடுத்துக்கலாம்ணே" என்றார் மிஸ்.

3. கோடு வந்தது

புதன்கிழமை காலையில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து நாற்பத்தாறு படத்தையும் வெட்டி, சுருக்கி, எக்ஸ்போர்ட் செய்து ஜெயசீலி மிஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு டீக்கடைக்குப் போனேன். டீ கைக்கு வருவதற்குள் போன் வந்துவிட்டது.

"அண்ணே, படமெல்லாம் வந்துச்சு. பிள்ளைங்க மேல கோடு கோடா இருக்கேண்ணே?"

"கோடா?"

"ஆமாண்ணே, நெஞ்சுலேர்ந்து வயிறு வரைக்கும். ஊதாவும் பச்சையுமா, அலை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு. அய்யா பாத்துட்டு, என் ஸ்கூலை வரிக்குதிரைப் பண்ணையா ஆக்கிட்டியான்னு கேக்குறாரு."

டீயை வாங்காமலே ஸ்டுடியோவுக்கு ஓடினேன். ஒரிஜினல் படத்தைத் திறந்து முழு அளவில் பார்த்தேன். கோடே இல்லை. எக்ஸ்போர்ட் செய்த படத்தைத் திறந்தேன். கோடு இருந்தது. ஒரிஜினலைக் கொஞ்சம் சின்னதாக்கிப் பார்த்தேன். கோடு வந்தது. பெரிதாக்கினேன், போய்விட்டது. இன்னும் கொஞ்சம் சின்னதாக்கினேன், கோடு வேறு பக்கம் வளைந்து வந்தது. ஜூமை நகர்த்த நகர்த்த அது பிள்ளையின் நெஞ்சில் ஊர்ந்தது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். உயிரோடு இருக்கிறது என்று நினைத்தேன்.

தம்பிகளா, இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுசன் நின்று யோசித்திருப்பான். பெரிதாக இருக்கும்போது இல்லாத கோடு சின்னதாகும்போது வருகிறதென்றால், சின்னதாக்குவதில்தானே ஏதோ இருக்கிறது என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது உள்காய்ச்சல் மாதிரி, உள்ளே இருந்திருக்கிறது, படத்தைச் சுருக்கும்போது பிதுங்கி வெளியே வருகிறது என்று தோன்றியது. காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். மூக்கில் அந்தத் திங்கட்கிழமை எரிச்சல் திரும்ப வந்தது.

சந்தேகத்துக்கு ஐஸ் பிளான்ட் படங்களையும் எக்ஸ்போர்ட் செய்து பார்த்தேன். கோடு இல்லை. வால்வை மூடிய கையோடு திரும்பிப் போய் எடுத்த படமே சுத்தமாக இருக்கிறதே என்று அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். தின்பதற்கு அமோனியாவுக்கு ஒரு நாளாவது வேண்டாமா என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு சாயங்காலம் வரை நான் செய்தவை: எக்ஸ்போர்ட் குவாலிட்டியைக் கூட்டினேன், குறைத்தேன். படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பன் போதவில்லையோ என்று கூட்டினேன், கோடு இன்னும் பளிச்சென்று வந்தது. வேறு சாப்ட்வேர் போட்டேன். மானிட்டர் வயரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மானிட்டரையே மாற்றினேன். வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டேன். அது ஒரு வைரஸைப் பிடித்தது, எனக்கு ஒரே சந்தோஷம். அது மச்சான் கல்யாண வீடியோ ஃபோல்டரில் பல வருடமாகச் சும்மா படுத்திருந்த வைரஸ். அதைக் கொன்ற பிறகும் கோடு இருந்தது.

பிளைவுட் தடுப்புக்கு அங்கிட்டிருந்து விமலா, "என்னங்க, இந்தத் துணியைத் தச்சு முடிக்கிறதுக்குள்ள என் கண்ணு அவிஞ்சிரும்போல. மடிச்சு வச்சா ஆடுது, விரிச்சா நிக்குது. தலை சுத்துது" என்றாள்.

"எனக்கே இங்க தலை போற பிரச்சனை. நீ வேற துணி துணின்னுக்கிட்டு" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியும் என்றால், நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அரிசிப் பானைக்குள் கேமராவைப் புதைத்தேன். ஈரத்தை அரிசி உறிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரியும். அமோனியாவையும் உறிஞ்சலாம் என்பது என் கண்டுபிடிப்பு. அரிசி அளக்கப் போன விமலா பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"லென்சைக் கழட்டிட்டுத்தான் ஒலையில போடணுமா, இல்ல அப்படியே போடலாமா?"

4. நாகராஜ் சாரின் விஞ்ஞானம்

வியாழக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் கெமிஸ்ட்ரி வாத்தியார் நாகராஜ் சார் இருந்தார். அமோனியா என்ற வார்த்தையைக் கேட்டதும் பேப்பர் திருத்துவதை நிறுத்திவிட்டார். அந்த ஸ்டாஃப் ரூமில் அவருடைய பாடத்தைப் பற்றி யாரும் அவரிடம் பேசி நாளாகியிருக்கும்போல.

"கேமராவை எப்படிப் புடிச்சிருந்தீங்க?"

"தலைக்கு மேல சார்."

"அதான் தப்பு! அமோனியா காத்தை விட லேசு. மேலதான் போகும். நீங்க அதை நேராக் கொண்டுபோயி வாயில ஊட்டியிருக்கீங்க."

ஊட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது.

"சார், மேல ஏறுற கேஸுன்னா கேமராக்குள்ளயும் மேல் பக்கம்தானே திங்கணும்? கோடு படத்துல கீழ் பாதியிலதானே வருது?"

நாகராஜ் சார் யோசித்தார். நானும் யோசித்தேன். பதில் எனக்குத்தான் கிடைத்தது, தொழில் அறிவு இருக்கிறது அல்லவா. லென்ஸ் வழியாகப் போகும் உருவம் சென்சரில் தலைகீழாகத்தான் விழும். படத்தின் கீழ்ப் பாதி என்பது சென்சரின் மேல் பாதி!

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சொன்ன இரண்டு விஷயமும் நூறு சதவீதம் உண்மை. அமோனியா காற்றைவிட லேசு. உருவம் தலைகீழாகத்தான் விழும். இரண்டு உண்மையைச் சேர்த்து இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைக் கட்ட முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜெயசீலி மிஸ் மட்டும் குலுக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும்ணே. நாளைக்கு அஞ்சு மணி" என்றார்.  "நாற்பத்தேழு வீட்டுல போயி நான் என்னண்ணே சொல்றது? அமோனியான்னா?"

5. நோய் தொற்றியது

என் கேமரா போய்விட்டது என்று முடிவாகிவிட்டதால், அறந்தாங்கி சேகருக்குப் போன் போட்டேன். சேகரும் நானும் ஒன்றாகத் தொழில் கற்றவர்கள். இப்போது போட்டி. ஆனாலும் அவசரத்துக்குக் கேமரா கொடுத்தான். அதில் என் மெமரி கார்டைப் போட்டு, மத்தியானம் ஐந்து பிள்ளைகளை மட்டும் திரும்ப எடுத்து, எக்ஸ்போர்ட் செய்தேன்.

கோடு இருந்தது.

வேறு கேமரா, வேறு சென்சர். அமோனியா ஜெகதாப்பட்டினத்தில் கசிந்தபோது இந்தக் கேமரா அறந்தாங்கியில் ஒரு பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. இத்தோடு என் கதை செத்திருக்க வேண்டும். சாகவிடவில்லை. சேகருக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, ஒன்னு சொல்றேன், பதறக் கூடாது."

"கீழ போட்டுட்டியா?"

"இல்லடா. ஒன் கேமராவுக்கும் வந்துருச்சு."

"என்னது வந்துருச்சு?"

"அமோனியா."

அந்தப் பக்கம் எதையோ படாரென்று மூடும் சத்தம் கேட்டது.

"டேய், எப்படிடா வரும்?"

"மெமரி கார்டு வழியா வந்திருக்கும்னு நெனைக்கிறேன். கார்டு திங்கக்கிழமை என் கேமராக்குள்ளதானே இருந்துச்சு."

இதைக் கேட்டு அவன் சிரித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். அவன் சொன்னது: "அப்ப அந்தக் கார்டை வேற எதுலயும் சொருகிறாதே, நான் வாரேன்."

வண்டியில் வந்தான். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தான். கேமராவை இடுக்கியால் எடுப்பது மாதிரி இரண்டு விரலால் எடுத்து, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தான். பக்கத்தில் எலுமிச்சம்பழம் ஒன்றை வெட்டி வைத்தான்.

"திருஷ்டிக்கா?"

"ஆசிட்ரா. அமோனியா காரம், எலுமிச்சை ஆசிட். ஒன்னை ஒன்னு அடிச்சிரும். பள்ளிக்கூடத்துல படிச்சதில்ல?"

கெமிஸ்ட்ரி இவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. கேமராவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாதிப் பழம். நாங்கள் இரண்டு பேரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காவல் உட்கார்ந்திருந்தோம். கீழே துணி காயப்போட வந்த விமலா அண்ணாந்து பார்த்துவிட்டு, ஈரத் துணியை வாளியோடு திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

6. கோடு விழாத பிள்ளை

வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்து ஆபீஸ் ரூம். ஜெயசீலி மிஸ் போர்ட்டலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நாகராஜ் சார். பெயர், பிறந்த தேதி எல்லாம் ஏறியிருந்தது. படத்துக்கு உரிய கட்டங்கள் மட்டும் நாற்பத்தேழும் காலி. கரஸ்பாண்டன்ட் அய்யா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கோட்டோட நான் கையெழுத்துப் போட மாட்டேன். கலர்லயே இப்படின்னா, கறுப்பு வெள்ளையில ஹால் டிக்கெட் வரும்போது எப்படி வரும்? ஜெயில் கைதி மாதிரி வரும்."

நான் திருச்சியிலிருந்து புதுக் கேமரா வாங்கிவர ஆள் அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது முத்துலட்சுமி வந்து நின்றாள். செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் வராத பிள்ளை. மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள்.

"யூனிபார்ம் எங்க?" என்றார் அய்யா.

"இன்னும் தச்சு வரல சார். டைலரக்கா மத்தியானம் கொண்டாந்து தாரேன்னாங்க."

சேகர் அவன் கேமராவைத் தர மறுத்துவிட்டதால் என்னிடம் இருந்தது செத்துப்போன என் கேமராதான். பெயருக்கு ஒரு படம் எடுத்து வைப்போம் என்று எடுத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு, வெட்டி, சுருக்கினேன்.

ஒரு கோடு கூட இல்லை.

"கோடு இல்லை" என்றேன்.  எல்லோரும் சுற்றி வந்து பார்த்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்தார்கள். ஏதோ அற்புதம் நடந்த இடத்தில் நிற்பவளைப் பார்ப்பது போல. நாகராஜ் சார் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, ஒங்க வீட்டுல என்ன தொழில்?"

"கருவாடு சார்."

நாகராஜ் சார் நிமிர்ந்தார். "உப்பு!" என்றார். "வருசக் கணக்கா உப்புலயே வளந்த பிள்ளை. அமோனியா கிட்ட வராது."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றைக்கும் என்னை நானே மன்னிக்கவில்லை.

"சார், நான் போயி சாப்புடட்டா?" என்றாள் முத்துலட்சுமி.

அப்போது விமலா வந்தாள். கையில் பேப்பரில் சுற்றிய யூனிபார்ம். "இந்தாம்மா ஒன்னோடது. லேட்டாயிருச்சு, கோவிச்சுக்காத" என்று கொடுத்தாள். அய்யா விடவில்லை. "மாத்திட்டு வா. யூனிபார்ம்லயே எடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டு, போன் வர, பேசிக்கொண்டே வெளியே போனார். அவள் மாற்றிக்கொண்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே கேமராவில், அதே வெளிச்சத்தில் எடுத்தேன். வெட்டினேன், சுருக்கினேன்.

நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் ஊதாவும் பச்சையுமாக அலை அடித்தது.

 இரண்டு படமும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதே பிள்ளை. நடுவில் பத்து நிமிடம்.

"ரெண்டாவது தடவை கசிஞ்சிருக்கு" என்றார் நாகராஜ் சார். ஆனால் அவர் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

விமலா திரையை எட்டிப் பார்த்தாள். "இது அந்தத் துணிதானே?" என்றாள்.

"எது?"

"நான்தான் புதன்கிழமையே சொன்னேனே. மடிச்சு வச்சா ஆடுதுன்னு." பையிலிருந்து இரண்டு வெட்டுத் துண்டை எடுத்தாள். ஒன்றை மேசையில் விரித்தாள். அதே பொடிக் கட்டம். ஜன்னல் வெளிச்சம் ஊடுருவும்படி இன்னொன்றை அதன் மேல் லேசாகத் தூக்கிப் பிடித்து, மெல்லத் திருப்பினாள். துணியில் இல்லாத பெரிய பெரிய அலைகள் வளைந்து வளைந்து ஓடின. நிறுத்தினாள், நின்றன. திருப்பினாள், ஓடின. "ஒரு மாசமா இதைப் பாத்துப் பாத்து எனக்கு மைக்ரேனு. நீங்க என்னடான்னா மாடியில எலுமிச்சம்பழத்துக்குக் காவல் இருக்கீங்க."

ஜெயசீலி மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி மூணே கால்ணே."

7. ஒன்றே முக்கால் மணி நேரம்

காரணம் தெரிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை வெட்கப்படும் அளவுக்குச் சின்னது. கார்டில் இருந்த ஒரிஜினல் படத்தில் சட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து, துணியின் கட்டம் கரைகிற அளவுக்கு லேசாக பிளர் கொடுத்தேன். ஷார்ப்பனை அணைத்தேன். அதன் பிறகு சுருக்கினேன். சட்டை வெளிர் நீலமாக, அமைதியாக வந்தது. கோடு போயே போச்சு. முகத்தில் கை வைக்கவில்லை.

நான் ஒவ்வொன்றாக முடித்துத் தரத் தர மிஸ் ஏற்றிக்கொண்டே போனார். பெயரைப் படிப்பார், நான் படத்தைக் காட்டுவேன், "ஆமா, இவன்தான்" என்பார், ஏற்றுவார். நடுவில் ஒரு தடவை நெட் நின்றது. நாகராஜ் சார் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்துவிட்டு, அது அணைந்துவிடாமல் இருக்கப் போனைக் கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் செய்த ஒரே பயனுள்ள காரியம் அது. அதுவரை மூன்று நாளில் நான் செய்ததைவிட ஒன்று அதிகம் என்பதால் குறை சொல்வதற்கில்லை.

கடைசியாக முத்துலட்சுமி. நாலு ஐம்பதுக்கு ஏறியது. மிஸ் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் திரும்பி வந்த அய்யா நாற்பத்தேழு படத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும் முன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னதான்யா பிரச்சனை? கடைசி வரைக்கும் யாரும் என்கிட்ட சொல்லல."

நாலு கடை ஏறி இறங்கி அவரே தேர்ந்தெடுத்த துணி. விமலா கதவுப் பக்கம் நின்றாள். மற்ற வகுப்புகளில் இன்னும் அறுபது பேருக்கு அவள் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மிஸ் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அமோனியாதான் அய்யா" என்றேன்.

அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். அன்றையிலிருந்து வடக்குக் காற்று வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தில் துறைமுகத்துப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தச் சொல்கிறாராம். படம் எடுக்கப் போனால் இன்றைக்கும் முதல் கேள்வி, "கேமரா எந்தப் பக்கமாய்யா வந்துச்சு?"

8. தம்பிகளுக்கு

படத்தில் கோடு வந்தால் முதலில் நூறு சதவீத அளவில் பாருங்கள். அங்கே இல்லாமல் சுருக்கும்போது மட்டும் வந்தால் கேமராவைத் திட்டாதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள். கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள், முகத்திலா, சுவரிலா, துணியிலா. பொடிக் கட்டம், பொடிக் கோடு, கொசுவலைக் கதவு, மெல்லிய ஜன்னல் திரை எல்லாம் இந்த வேலையைச் செய்யும். துணியின் வரிசை ஒன்று, படத்தின் புள்ளி வரிசை ஒன்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நெருக்கத்தில் வந்து ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால், இரண்டிலும் இல்லாத மூன்றாவது கோடு ஒன்று தெரியும். மொய்ரே என்று இதற்குப் பெயர் என்பதையெல்லாம் பிறகுதான் படித்தேன். விமலா அதைப் படிக்காமலே ஒரு மாதம் தலைவலியோடு அனுபவித்திருக்கிறாள்.

வேறு கேமராவிலும் அதே கோடு வந்தால், தப்பு கேமராவில் இல்லை என்று அர்த்தம். தொற்றிக்கொண்டது என்று அர்த்தம் இல்லை. சேகருக்கும் இதைச் சொல்லிவிட்டேன். நம்பிவிட்டான். ஆனாலும் என் மெமரி கார்டை இன்னும் வாங்க மாட்டேன் என்கிறான்.

பக்கத்து அறையிலிருந்து ஒருத்தர் உங்கள் பிரச்சனையை அவர்களுடைய பிரச்சனையாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். காது கொடுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஐஸ் பிளான்ட்டில் கசிந்த அமோனியா அன்றைக்கே காற்றில் கலந்துவிட்டது. என் கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் அதில்தான் படம் எடுக்கிறேன். கோடு படத்தின் கீழ்ப் பாதியில் விழுந்தது, ஏனென்றால் சட்டை அங்கேதான் இருந்தது.